பதினொரு மணி நேரக் குப்பை

படம் எழுபத்தொரு நிமிடம்.
வெட்டிப் போட்டது பதினொரு மணி நேரம்.
இரண்டையும் சேர்த்தே வெளியில் விட்டேன்,
ஜூலைக் குளிரில், பய்சாந்துவில்,
ஆற்றுப்பனி ஜன்னலை மூடிய ஓர் இரவில்.
வெட்டியதைப் போட்ட கோப்புறையின் பெயர்: குப்பை.
மாற்றச் சோம்பல். அப்படியே போனது.

உரிம வாசகம் நான் எழுதியதில்லை.
எங்கோ வக்கீல்கள் எழுதி வைத்தது;
சுருக்கினால் இவ்வளவுதான்:
எடுத்துக்கொள். வெட்டு. ஒட்டு.
காசுக்கு விற்றாலும் விற்றுக்கொள்.
யாருடையது என்று சொல்.
நீ செய்வதையும் பூட்டாதே.

விநியோகஸ்தர் ஒசிரிஸ் எத்செவெர்ரி
மொந்தேவிதேயோவிலிருந்து போனில் கத்தினார்:
"கடையைத் திறந்து வைத்துவிட்டுக்
கல்லாவைத் தூக்கி ஆற்றில் எறிந்தாயா?"
அந்தக் கல்லாவில் கேமராக் கடனின்
மூன்று தவணைகள் மட்டும் கிடந்தன.
சொல்லவில்லை.

படம் பாலத்தைப் பற்றியது.
இக்கரை உருகுவே, அக்கரை அர்ஜென்டினா,
பாலத்தின் வாயில் சுங்கச்சாவடி,
சாவடிக்குள் வாஷிங்டன் பெந்தாங்குர்.
(எங்கள் நாட்டில் அப்படிப் பெயர் வைப்பார்கள்.
ஏனென்று கேட்காதீர்கள்.)
இருபத்தாறு வருட இரவுவேலை.
நடிக்கச் சொல்லவில்லை, உட்காரச் சொன்னேன்.
உட்கார்ந்தார். சில்லறை எண்ணினார். ரசீது கிழித்தார்.

ஒப்புதல் தாளை நீட்டி விளக்கினேன்:
உங்கள் முகத்தை வைத்து
யாரும் எதுவும் செய்துகொள்ளலாம், இலவசமாக.
மாத்தே குழலை வாயிலிருந்து எடுக்காமலே
"என் பாதையில் ஆம்புலன்ஸ் தவிர
எவனும் ஓசியில் போனதில்லை" என்றார்.
பிறகு கையெழுத்துப் போட்டார்,
ரசீதில் போடுவது போல, பார்க்காமல்.

நான்கு வருடம் ஒன்றும் நடக்கவில்லை.
இறக்கியவர்கள் முப்பத்தெட்டுப் பேர்;
அதில் பதினான்கு நானே,
இன்னும் இருக்கிறதா என்று பார்த்தது.

பிறகு ஜார்ஜியாவில் குத்தாயிசியிலிருந்து
தெக்லே போச்சோரிஷ்விலி என்ற மாணவி
பத்தொன்பது நிமிடப் படம் ஒன்றை அனுப்பினாள்.
என் படத்தை அவள் தொடவில்லை.
எழுபத்தொரு நிமிடத்தில் ஒரு சட்டகம்கூட இல்லை.
எல்லாம் குப்பையிலிருந்து.

"கட்" சொன்ன பிறகு அவர் தொப்பியைக் கழற்றுவது.
விளக்கில் மோதும் விட்டில்.
ஒரு கொட்டாவி, முழுதாக.
வண்டியே வராத விடியலில்
நான்கு நிமிடம் சாலையைப் பார்ப்பது.
செத்த நேரம் என்று நான் வீசியது அது.
அவள் அதன்மேல் ஒரு குரல் வைத்திருந்தாள்.
போலந்துக்கு லாரி ஓட்டப் போன மகனுக்குக்
காத்திருக்கும் தகப்பன்.

எனக்கும் வேஷம் கிடைத்திருந்தது.
கேமராவுக்குப் பின்னால் நின்று நான் எரிந்து விழுந்த
"இன்னொரு தடவை!"
அங்கே உள்ளறையிலிருந்து கூப்பிடும்
மனைவியாகியிருந்தது.
ஸ்பானிஷில் கத்தும் ஜார்ஜிய மனைவி.
வீட்டில் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

நூலகத்துப் பின்னறையில் திரையிட்டோம்.
ஒன்பது நாற்காலி, வந்தது நான்கு பேர்.
வசனத் தமிழாக்கம் போல எதுவும் கேட்காதீர்கள்,
ஸ்பானிஷ் எழுத்துகூட அடியில் ஓடவில்லை.
வாஷிங்டன் முன்வரிசையில்,
தொப்பி மடியில்.

"யாருக்காகக் காத்திருக்கிறேன்?"
"மகனுக்காக."
"எனக்கு மகன் இல்லை."
"இதில் இருக்கிறான்."
கொஞ்ச நேரம் பார்த்தார்.
தூரத்தில் ஒரு முகப்பு விளக்கு.
நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.
"வருவானா?"
நான் முன்பே பார்த்தவள்.
"பாருங்கள்" என்றேன்.

கடைசியில் கொடிச்சுருள் போன்ற எழுத்துகளில்
பெயர்கள் ஏறத் தொடங்கின.
எழுந்து சுவரருகே போனார்.
"எது நான்?"
உத்தேசமாக ஒரு வரியைக் காட்டினேன்.
சரிதானா, இன்றுவரை தெரியாது.
அதன்மேல் கட்டைவிரலை வைத்தார்.
வரி விரலைக் கடந்து மேலே போயிற்று.
விரல் அங்கேயே இருந்தது,
அடுத்தடுத்த பெயர்கள்
ஒவ்வொன்றாக அதன்மேல் ஏறிப் போக.